சங்கு ஊதின பேட்டை: பின்னி மில்லும் புளியந்தோப்பும்

சென்னை மேப்பைத் திறந்து, சென்ட்ரல் ஸ்டேஷன்லேர்ந்து கொஞ்சம் வடமேற்கே நகர்த்திப் பாருங்க. சூளை, பட்டாளம், புளியந்தோப்பு, ஓட்டேரி, பெரம்பூர்னு பேர்கள் வரும். பேரைக் கேட்டாலே பாதிக் கதை புரிஞ்சிடும். சூளைன்னா செங்கல் சூளை. புளியந்தோப்புக்கு விளக்கமே வேண்டாம். பட்டாளம்ங்கறது வெள்ளைக்காரன் காலத்துல சிப்பாய்கள் தங்கின இடம். அதைத்தான் இங்கிலீஷ்ல பெரம்பூர் பேரக்ஸ்னு எழுதினாங்க. அந்தப் பேர்ல ஒரு ரோடு இன்னும் இருக்கு.

இந்த ஏரியாவுக்கு நேர்ல போகாதவங்களும் இதைச் சினிமாவுல பார்த்திருப்பீங்க. உயரமான செங்கல் சுவர், இடிஞ்ச கூரை, துருப்பிடிச்ச இரும்புத் தூண், நடுவுல ஹீரோ இருபது பேரைப் போட்டு அடிக்கிறார். நிறைய படங்கள்ல அந்த இடம் பின்னி மில்தான். மூடிக் கிடந்த வருஷங்கள்ல அது சினிமாக்காரங்களுக்கு வாடகை செட்டா இருந்தது. அந்தச் சுவருக்குள்ள ஒரு காலத்துல பல ஆயிரம் பேர் வேலை செஞ்சாங்க. நம்ம எல்லாருக்கும் பொருந்துற ஒரு சட்டம் உருவாக அங்கே நடந்த ஒரு சண்டை முக்கியக் காரணம். அந்தச் சுவருக்கு வெளியே, கூப்பிடு தூரத்துல, 1921-ல இன்னொரு சண்டையும் நடந்தது. முதல் சண்டையை இந்த ஏரியா பெருமையா சொல்லும். ரெண்டாவதைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்லும். இந்த எபிசோட் ரெண்டையும் பத்தினது.

பின்னின்னா பின்னுறது இல்ல

துணி மில்லுக்குப் பின்னின்னு பேர் இருந்தா, பின்னுறதுலேர்ந்து வந்த பேர்னுதான் எந்தத் தமிழனுக்கும் தோணும். ஆனா அது ஜான் பின்னி என்கிற வெள்ளைக்காரரின் பேர். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைக்கு வந்து வியாபாரம் செய்த குடும்பம் அது. அவர்கள் தொடங்கிய கம்பெனிதான் பிற்பாடு இந்த மில்களை நடத்தியது.

மில் ஒன்றல்ல, இரண்டு. பக்கிங்ஹாம் மில் கம்பெனி 1876-ல் தொடங்கியது, கர்னாட்டிக் மில் 1881-ல். 1920-ல் இரண்டும் ஒரே கம்பெனியாக இணைந்தன. ஏரியாக்காரங்க வாயில் அது 'பி அண்ட் சி மில்', இல்லைன்னா வெறும் 'பின்னி'.

1876 என்கிற வருஷத்தைக் கொஞ்சம் கவனியுங்க. அதுதான் தாது வருஷம். தாது வருஷப் பஞ்சம்னு நம்ம பாட்டிகள் சொல்லுவாங்களே, அதே பஞ்சம். சென்னை மாகாணத்துல லட்சக்கணக்கானவங்க பட்டினியில் செத்த காலம். அப்போது இங்கே கவர்னராக இருந்தவர் பக்கிங்ஹாம் பிரபு. பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் அவர் பேர்தான். பஞ்ச நிவாரணம் என்ற பேரில் கூலிக்கு ஆள் வைத்து அந்தக் கால்வாயின் ஒரு பகுதியை வெட்டினார்கள். கால்வாய், மில், பஞ்சம் மூன்றும் ஒரே காலத்தவை. ஊரில் பிழைக்க வழியில்லாமல் செங்கல்பட்டு, வட ஆற்காடு பக்கத்திலிருந்து பட்டணத்துக்கு நடந்து வந்தவர்கள் ஏராளம். மில் வளர வளர, இந்தப் பக்கம் தெருக்களும் குடிசைகளும் நிறைந்தன.

அந்த மில்லின் பேர் சொன்ன சரக்கு காக்கி. ராணுவத்துக்கும் போலீசுக்கும் இங்கேயிருந்து துணி போனது. இரண்டு உலகப் போர்களிலும் இந்தத் தறிகளுக்கு ஓய்வே இல்லை.

மூணு சங்கு

இந்த எபிசோடுக்காகப் பட்டாளத்துலயும் புளியந்தோப்புலயும் நான் பேசின பெரியவங்க எல்லாரும் கேட்காமலே முதல்ல சொன்ன விஷயம் ஒண்ணுதான்: சங்கு. சைரன்னு யாரும் சொல்லல.

மில்லில் முப்பது வருஷம் தறி ஓட்டின ஒரு ஐயா இப்படிச் சொன்னார்: "மொத சங்குக்கு எழுந்துக்கணும், ரெண்டாவதுக்கு வீட்ட வுட்டுக் கெளம்பணும், மூணாவது ஊதிச்சுன்னா கேட்டு சாத்திடுவான் தம்பி. எங்க வூட்ல கடிகாரமே கெடையாது. எதுக்கு? அதான் ஊருக்கே ஒண்ணு இருந்துச்சே."

மில்லில் வேலை பார்க்காதவங்களுக்கும் சங்குதான் கடிகாரம். பால்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஆட்டுத்தொட்டிக்கு வேலைக்குப் போறவங்க, எல்லாரும் அதைக் கேட்டுத்தான் நடமாடினாங்க. புளியந்தோப்புல ஒரு ஆயா சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க: "எங்க தெருவுல எல்லாப் பசங்களுக்கும் காக்கி டவுசர்தான். மில்லுல வெட்டுத் துணி மலிவா கெடைக்கும். தூரத்துலேர்ந்து பாத்தா போலீஸ் இஸ்கூல் மாதிரி இருக்கும்."

சம்பள நாளைப் பத்தியும் எல்லாரும் சொன்னாங்க. அன்னைக்கு கேட்டுக்கு வெளியே வட்டிக்குக் கொடுத்தவங்க நிப்பாங்க. அந்தக் காலத்துல அவங்களுக்கு ஈட்டிக்காரன்னு பேர். சம்பளக் கவர் வீட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள பாதி காலி. இந்த ஈட்டிக்காரரைக் கொஞ்சம் ஞாபகத்துல வச்சுக்குங்க. திரும்ப வருவார்.

சாப்பாட்டுக்கு எத்தனை நிமிஷம்?

1911-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டப்படி, ஒரு துணி மில் வளர்ந்த ஆளை ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரைக்கும் வேலை வாங்கலாம். பொழுது விடியும்போது உள்ளே போனால் பொழுது சாய வெளியே. நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். அதற்குள் ஆயிரக்கணக்கானவர்கள் கை கழுவி, சோற்றுத் தூக்கைத் தேடி, சாப்பிட்டுத் திரும்பவும் தறிக்கு முன்னால் நிற்க வேண்டும். சில நிமிஷம் தாமதமானால் கேட் மூடியிருக்கும், கூலி போய்விடும்.

1918 இந்த வாழ்க்கையைத் தாங்க முடியாததாக்கியது. முதல் உலகப் போரால் அரிசி விலையும் துணி விலையும் ஏறின. அந்தச் செப்டம்பரில் சென்னையில் கடைகளைச் சூறையாடும் அளவுக்குக் கலவரம் நடந்தது. மில் கம்பெனிக்கோ போர்க்கால ஆர்டர்கள்.

அப்போது பெரம்பூரில் ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்று ஒரு பக்தி சபை இருந்தது. அதை நடத்தியவர்கள் ஜி. செல்வபதி செட்டியாரும் ஜி. ராமானுஜுலு நாயுடுவும். இரண்டு பேரும் சின்ன வியாபாரிகள், மில்லில் வேலை செய்தவர்கள் இல்லை. சபைக்குக் கதை கேட்க வந்த தொழிலாளர்கள் மெல்லத் தங்கள் கதையைச் சொல்ல ஆரம்பித்தார்கள். இவர்கள் உதவி தேடிப் போனார்கள். அன்னி பெசன்ட்டோடு வேலை செய்துகொண்டிருந்த பி.பி. வாடியா வந்தார். பம்பாயைச் சேர்ந்த பார்சி, அடையாறு தியாசபிகல் சொசைட்டிக்காரர், தமிழ் பேசத் தெரியாதவர். கூடவே திரு.வி.க. வந்தார். அப்போது அவர் 'தேசபக்தன்' பத்திரிகையின் ஆசிரியர்.

1918 ஏப்ரல் 27-ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று பொதுவாக இதைத்தான் சொல்கிறார்கள். சங்கம் கேட்ட ஆரம்பக் கோரிக்கைகளில் ஒன்று என்ன தெரியுமா? சாப்பிட இன்னும் கொஞ்சம் நேரம்.

இதைக் கேட்டுச் சிரிக்காதீங்க. நான் வேலை பார்க்கிற துறையில பேட்ஜைத் தட்டி உள்ளே போற நேரமும் வெளியே வர்ற நேரமும் ஒரு டாஷ்போர்டுல விழுது. நேரத்தை யார் எண்ணுறாங்களோ அவங்க கையிலதான் அதிகாரம். 1918-ல பட்டாளத்துத் தொழிலாளிகள் கைவைத்த இடம் அதுதான்.

வாடியா மேல் வழக்கு

கம்பெனி திருப்பி அடிச்சது. 1920 அக்டோபரில் தகராறு முற்றி மில் கதவடைப்பு. டிசம்பரில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தி, தொழிலாளர் உயிர் போனது. கம்பெனி சென்னை ஹைகோர்ட்டில் வாடியா மேலும் மற்றத் தலைவர்கள் மேலும் வழக்குப் போட்டது. குற்றச்சாட்டு என்னவென்றால், வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளர்களைத் தூண்டினார்கள், அதனால் கம்பெனிக்கு நஷ்டம். கோர்ட் தடை உத்தரவு கொடுத்தது.

யோசிச்சுப் பாருங்க. ஸ்ட்ரைக்னாலே வேலையை நிறுத்துறதுதான். அதைச் சொல்றதே நஷ்ட ஈடு கேட்கத் தகுந்த குற்றம்னா, சங்கம் வேற எதைத்தான் சொல்ல முடியும்? கடைசியில் 1921 ஆரம்பத்தில் சமரசம். வாடியா தொழிலாளர் இயக்கத்திலிருந்து விலகினார், கம்பெனி வழக்கை விட்டது.

இந்த வழக்கு நாடு முழுக்க ஒரு கேள்வியை எழுப்பியது. சங்கம் வைப்பவருக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டாமா? மத்தியச் சட்டசபையில் என்.எம். ஜோஷி அதைக் கேட்டார். 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அதன் 18-ஆவது பிரிவைப் படிச்சா பின்னி வழக்குக்கு நேரா எழுதின பதில் மாதிரி இருக்கும். தொழில் தகராறில் வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்ற காரணத்துக்காக மட்டும் பதிவு பெற்ற சங்கத்தின் மேலோ அதன் நிர்வாகிகள் மேலோ சிவில் வழக்குப் போட முடியாது. பெரம்பூர் பேரக்ஸ் ரோட்டுல ஆரம்பிச்ச சண்டை சட்டப் புத்தகம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

இந்தக் கதையை இங்கேயே முடிச்சா எல்லாருக்கும் சந்தோஷம். பல மேடைகள்ல இங்கேதான் முடியும்.

1921, புளியந்தோப்பு

கதவடைப்பு 1921 ஜனவரி வரைக்கும் நீடித்தது. அப்புறம் மில் திறந்தது. மே மாதம் கர்னாட்டிக் மில்லில் மறுபடி வேலைநிறுத்தம், ஜூனில் பக்கிங்ஹாம் மில்லும் சேர்ந்தது. எட்டு மாசத்துக்குள் இரண்டாவது தடவையாகச் சம்பளம் நின்றது. இந்தத் தடவை எல்லாரும் சேரவில்லை. ஆதி திராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள். எம்.சி. ராஜா போன்ற ஆதி திராவிடத் தலைவர்களும் ஸ்ட்ரைக்கில் சேர வேண்டாம் என்ற பக்கம் நின்றார்கள்.

அவங்களைக் கருங்காலின்னு சொல்லிட்டுப் போறது சுலபம். ஸ்ட்ரைக்கை உடைக்கிறவனுக்கு நம்ம மொழியில இருக்கிற வசவு அதுதான். ஆனா கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்க.

இன்னைக்கு நம்ம நண்பர்கள்ல யார் வேலையை உதறிட்டு வர்றாங்க? ஆறு மாசச் செலவுக்குப் பணம் சேர்த்து வச்சவங்க. அப்பாவுக்குச் சொந்த வீடு இருக்கிறவங்க. இ.எம்.ஐ. கட்டுறவங்க, ஊருக்குப் பணம் அனுப்புறவங்க, மேனேஜர் என்ன சொன்னாலும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருப்பாங்க. அவங்களுக்குத் தைரியம் இல்லைன்னு நாம சொல்றதில்லை.

1921-லயும் அதே கணக்குத்தான், ஆனா இன்னும் கொடூரமா. ஸ்ட்ரைக் நேரத்தில் ஒரு சாதி இந்துத் தொழிலாளிக்கு ஊரில் துண்டு நிலமோ, கடை வைத்திருக்கும் சொந்தக்காரரோ, வேறு ஒரு கைத்தொழிலோ இருக்க வாய்ப்பு உண்டு. சேரியிலிருந்து வந்தவருக்கு அந்தக் கதவுகள் எல்லாம் சாதியால் சாத்தப்பட்டவை. ஊருக்குத் திரும்பினால் பண்ணை வேலை, அடிமை மாதிரியான வாழ்க்கை. கையில் சேமிப்பு இல்லை, கடன் மட்டும் உண்டு. கேட்டுக்கு வெளியே நின்ற அந்த ஈட்டிக்காரர் ஸ்ட்ரைக் என்று சொல்லித் தவணையைத் தள்ளி வைப்பாரா? போன கதவடைப்பின் பட்டினியே இன்னும் ஆறவில்லை. போதாததற்கு, தங்களைத் தெருவுக்குள் விடாதவர்கள் 'நாமெல்லாம் தோழர்கள்' என்று சொன்னால், அதை நம்ப அவர்களுக்கு என்ன காரணம் இருந்தது?

கம்பெனிக்கு இந்த விரிசல் வசதி. வேலைக்கு வந்தவர்களை வைத்து மில்லை ஓட்டியது. வீதியில் கோபம் முற்றியது. ஜூன் கடைசியில் புளியந்தோப்பில் ஆதி திராவிடர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. அதற்குப் பிறகு சில மாதங்களுக்குத் தாக்குதலும் எதிர்த் தாக்குதலும். போலீஸ் மறுபடியும் சுட்டது, ஆட்கள் செத்தார்கள். அக்டோபரில் ஸ்ட்ரைக் தோல்வியில் முடிந்தது. சங்கம் ஒடுங்கி, திரும்பத் தலை தூக்கப் பல வருஷம் ஆனது.

அரசியலிலும் இது ஆறாத புண்ணானது. யார் குற்றவாளி, அரசு யார் பக்கம் என்று நீதிக்கட்சிக்குள்ளேயே கசப்பு. பிராமணரல்லாதார் ஒற்றுமை என்று பேசிய கட்சி, அடித்தட்டில் இருந்தவர்கள் வீடு எரிந்தபோது யாருக்காகப் பேசியது என்ற கேள்வி நின்றுவிட்டது. எம்.சி. ராஜா 1923-ல் அந்தக் கட்சியை விட்டு வெளியேறினார்.

பட்டாளத்துல நான் சந்திச்ச பழைய சங்கத்துக்காரர்கள் 1918 ஏப்ரல் 27-ங்கறதைப் பிறந்த நாள் மாதிரி சொன்னாங்க. 1921-ஐப் பத்திக் கேட்டப்போ ஒருத்தர் காபியை ஆத்திக்கிட்டே சொன்னார்: "அது வெள்ளக்காரன் மூட்டி வுட்டது தம்பி." அடுத்த நிமிஷம் பேச்சு வேற பக்கம் போயிடுச்சு. அங்கிருந்து நடக்கிற தூரத்துல, புளியந்தோப்புல அந்த ஆயா, தன் பாட்டி சொன்னதா ஒரு வரி சொன்னாங்க: "குடிசை எரிஞ்ச வருசம்னு ஒண்ணு சொல்லும் எங்க ஆயா. ஏன் எரிஞ்சுதுன்னு கேட்டா, 'வேலைக்குப் போனோம், அதான்'னும்."

ஒரே வருஷத்தை ரெண்டு தெரு ரெண்டு விதமா வச்சிருக்கு. கம்பெனி பிரிவினையைப் பயன்படுத்திக்கிச்சு, அது உண்மை. ஆனா அந்தப் பிரிவினையைக் கம்பெனி கப்பல்ல இறக்குமதி செய்யல. அது ஏற்கனவே நம்ம தெருவுல இருந்தது.

சங்கு நின்ன பிறகு

கதை 1921-ல் நின்றுவிடவில்லை. சங்கம் திரும்ப எழுந்தது. 1946-ல் யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ்.சி.சி. அந்தோணிப் பிள்ளை அதன் தலைவரானார். அடுத்த வருஷம் சுமார் 14,000 தொழிலாளர்கள் ஏறக்குறைய நூறு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர் 1957-ல் வட சென்னையிலிருந்து எம்.பி.யாகவும் போனார். அதே பெரம்பூர்ப் பக்கத்தில் 1955-ல் ரயில் பெட்டித் தொழிற்சாலை வந்தது. ஒரு தலைமுறைக்கு 'அப்பா மில்லுல, புள்ள ஐ.சி.எஃப்-ல' என்பதுதான் கனவு.

மில் மெதுவாகத் தேய்ந்தது. பழைய இயந்திரங்கள், விசைத்தறிகளின் போட்டி, செயற்கை இழைத் துணிகள், அடிக்கடி மூடித் திறந்த வருஷங்கள். 1996-ல் மொத்தமாக மூடினார்கள். அந்தத் தறிக்காரர் ஐயாகிட்ட, "மூடின அன்னைக்கு என்ன தோணுச்சு?"ன்னு கேட்டேன். "அன்னிக்கு ஒண்ணும் தோணல. மறுநாள் காலைல சங்கு ஊதல. முழிப்பு மட்டும் வந்துடுச்சு"ன்னார்.

அதுக்கப்புறம் சினிமா ஷூட்டிங். அப்புறம் இடிப்பு. இன்னைக்கு அந்த நிலத்துல உயரமான அடுக்குமாடிகள், கேட்ல செக்யூரிட்டி, உள்ளே போக ஆப்-ல அனுமதி. நம்மள மாதிரி ஐ.டி.க்காரங்க அங்கே வீடு வாங்குறாங்க. அதுல தப்பு சொல்ல ஒண்ணுமில்ல. மாநகராட்சியில இந்தப் பகுதி இருக்கிற மண்டலத்துக்குத் திரு.வி.க. நகர்னு பேர். அந்தப் பேர் ஏன் அங்கே இருக்குன்னு அந்த வீட்டுக்குக் குடி வர்றவங்களுக்குத் தெரிஞ்சா நல்லா இருக்கும்.

சங்கத்தோட கதை பெரிய கதை. சாப்பாட்டு நேரத்துக்காகக் கேட்டவங்க ஒரு நாட்டோட சட்டத்தையே அசைச்சாங்க. அதைக் குறைச்சு மதிக்க நான் தயாரா இல்ல. ஆனா 1918-ஐ மட்டும் சொல்லி 1921-ஐ விட்டுட்டா, அந்தச் சங்கம் ஏன் தோத்ததுன்னு புரியாமலே போயிடும். அது துப்பாக்கியால மட்டும் தோற்கல. தன்னோட ஆட்களில் யாரால எத்தனை நாள் பட்டினி கிடக்க முடியும்னு கேட்கல. அவங்க ஏன் நம்பலன்னும் கேட்கல. தோத்ததுல அதுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒற்றுமைக்குக் கூப்பிடுறவங்க முதல்ல கேட்க வேண்டிய கேள்வி அது. ஆபீஸ் வாட்ஸ்ஆப் குரூப்ல "எல்லாரும் சேர்ந்து நிக்கலாம்"னு யாராவது மெசேஜ் போட்டா, பதில் சொல்லாம இருக்கிறவங்களைத் திட்டுறதுக்கு முன்னாடி, அவங்களுக்கு எத்தனை மாச வாடகை கையில இருக்குன்னு யோசிங்க.

உங்க வீட்ல யாராவது பின்னியிலயோ, சூளை மில்லுலயோ, ரயில்வே ஒர்க்‌ஷாப்புலயோ வேலை பார்த்திருந்தா, இந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்துல உட்கார்ந்து போன்ல ரெக்கார்டரைப் போடுங்க. பெருமையா சொல்றதை முதல்ல சொல்லட்டும். அதை அவசரப்படுத்தாம கேளுங்க. அதுக்கப்புறம், "அப்போ அந்தப் பக்கத்துத் தெருவுல என்ன ஆச்சு?"ன்னு கேளுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திக்கலாம்.